பாயைத் தூக்கிய கை

"ஃபெரெத்தி ஜெயிலுக்குப் போகணும்."

இதை மட்டும் சொல்லிவிடாதே என்று அப்பா காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தார். கோக்கோ குடிக்கும்போது ஒருமுறை. விருந்தாளிகளுக்குப் பாய் விரிக்கும்போது ஒருமுறை. ஊர்ச்சபைப் பெரியவர்கள் சாலையில் வருவது தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை. மூன்றுக்கும் தலையாட்டினேன். பிறகு ஐந்து பேரும் ஆளுக்கொரு தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, லாவாசி ஐயா அந்தக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தியபோது, சொல்லிவிட்டேன்.

அம்மா விசிறுவதை நிறுத்தினாள். அப்பா யாரையும் பார்க்காமல் வெளியே தேங்காய் மட்டைகளைப் பார்த்தார்.

லாவாசி ஐயா எங்கள் ஊரின் பேச்சுக்காரர். சபைக்காகப் பேசுவதுதான் அவர் வகிக்கும் பட்டத்தின் வேலை. கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், சிரிப்பார். இப்போதும் சிரித்தார்.

"காலேஜ் படிச்சா வாய் பெருசாகும்னு தெரியும். காது சின்னதாகும்னு இப்பதான் தெரியுது. இயானேத்தா, உனக்கு என்ன வேணும்னு நாங்க கேக்கலம்மா. கையெழுத்துதான் கேட்டோம்."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன் ஐயா."

"படிச்சல்ல? பொய் ஏதாவது இருக்கா? நடந்ததுதானே எழுதியிருக்கு."

நடந்ததுதான் எழுதியிருந்தது. என் சிக்கலே அதுதான்.

'சோலியாய் குடும்பத்தார் எங்கள் வீட்டின் முன் வந்து மண்டியிட்டார்கள். வீட்டின் மூத்த மகள் இயானேத்தாவின் கையால் பாய் தூக்கப்பட்டது. மன்னிப்பு ஏற்கப்பட்டது. ஊர் விதித்த சலாவும் செலுத்தப்பட்டது. இனி எங்களுக்குள் எதுவும் மிச்சமில்லை.' கீழே அப்பாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் எனக்காக ஒரு கோடு. பாயைத் தூக்கியவர் கையெழுத்து வேண்டும் என்று சோலியாய் வீட்டு வக்கீல் கேட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை அடுத்த தீவில், பட்டணத்தில் தீர்ப்பு. குற்றத்தை சோலியாய் வீட்டு ஃபெரெத்தி ஒப்புக்கொண்டுவிட்டான். மிச்சம் இருப்பது எத்தனை வருடம் என்பது மட்டும்தான். இந்தக் காகிதம் போனால் அவன் அன்று மாலையே படகேறி வீட்டுக்கு வந்துவிடலாம். போகாவிட்டால் நான்கு வருடம், ஐந்து வருடம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வேலை பார்ப்பதே நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில்தான். ஆங்கிலத் தீர்ப்புகளை எங்கள் மொழியில் எழுதுவது என் வேலை. இதே மாதிரிக் காகிதங்கள் மாதம் இரண்டு மூன்று என் மேசைக்கு வரும். 'மன்னிப்பு ஏற்கப்பட்டதைக் கருத்தில் கொண்டு' என்று தொடங்கும் வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன்!

எங்கள் மொழியில் தண்டனைக்குச் சலா என்று பெயர். மாலை ஜெப மணி அடித்த பிறகு சாலையில் நடந்தால் சலா. ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கினால் சலா. நாய் அடுத்த வீட்டுக் கோழியைக் கவ்வினால் நாய்க்காரனுக்குச் சலா. கோலியில் தோற்றவனைச் சுற்றி நின்று சின்னப் பிள்ளைகள்கூட "சலா! சலா!" என்று குதிக்கும். சபை கூடி அளவு சொல்லும்: இத்தனை பன்றி, இத்தனை பெட்டி மீன் டின். தப்பு செய்தவன் ஒருவன், கொடுப்பது குடும்பம், தின்பது ஊர். தின்று முடிந்ததும் தப்பும் முடிந்தது. அதற்குப் பிறகு யாராவது அதைப் பற்றி வாயைத் திறந்தால், திறந்தவருக்குச் சலா. எல்லார் வீட்டுக் கொட்டிலிலும் ஒரு பன்றி இதற்கென்றே வளரும். வீட்டில் யார் என்றைக்குத் தப்பு செய்யப்போகிறார்களோ தெரியாது, பன்றி தயாராக இருக்கும்.

நீதிமன்றத்தில் நான் எழுதுவதும் இதே சொல்தான், வேறு சொல் எங்களுக்குக் கிடையாது. ஆனால் அங்கே அது ஒரு ஆளின் உடம்பின் மேல் விழுகிறது. அவனுக்குப் பதில் அவன் சித்தப்பா உள்ளே போய் உட்கார முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூண்டில் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஊரில் நாற்பது பேர் சுமப்பதை இங்கே ஒருவன் தனியாகச் சுமக்கிறானே என்று நினைப்பேன். லாங்கிக்கு நடந்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

லாங்கி என் தங்கை. மோயேலாங்கி என்று முழுப்பெயர். இருபது வயது. ஊர்ப் பெண்கள் கிரிக்கெட் அணியில் பந்து வீசுகிறவள். வீசியவள் என்று எழுத வேண்டும்.

பஸ்ஸில் இடமில்லை என்றால் முன்பின் தெரியாதவர் மடியிலும் உட்காருவோம். இடம் கொடுக்கிறவரும் யோசிப்பதில்லை, உட்காருகிறவரும் யோசிப்பதில்லை. ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை நிரம்பிய பஸ்ஸில் லாங்கி ஏறினாள். பின் வரிசையில் இருந்த ஃபெரெத்தி தொடையைத் தட்டி, "வா லாங்கி, உனக்காகத்தான் சூடு பண்ணி வச்சிருக்கேன்" என்றான். அவனுக்குப் பக்கத்தில் மருத்துவமனைக்குப் போய்வந்த ஒரு கிழவர் இருந்தார். லாங்கி நேராகப் போய்க் கிழவர் மடியில் உட்கார்ந்தாள். "இது கொஞ்சம் எலும்புதான். ஆனா எழுந்திரிச்சா துணி துவைக்க வேண்டியதில்லை" என்றாள். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஓட்டுநர் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிறு கழித்துத் திங்கட்கிழமை, கொட்டிலுக்குப் பின்னால் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் அவன் வெட்டுக்கத்தியோடு வந்தான். முகத்தைக் காக்க அவள் வலது கையைத் தூக்கினாள். முழங்கைக்குக் கீழே இரண்டு வெட்டு. அடுத்த நாள் போலீஸ் அவனைப் பிடித்தது, நான்காம் நாள் ஜாமீனில் விட்டது.

ஐந்தாம் நாள் விடியற்காலை சோலியாய் குடும்பம் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தது. நாற்பது பேர். விறகும் கல்லும் சுமந்துகொண்டு வந்தார்கள். தங்களைச் சுட்டுத் தின்றாலும் சம்மதம் என்று அர்த்தம். முன்னால் ஒருவர் மண்டியிட்டிருந்தார். அவர்மேல் தலையிலிருந்து தரை வரை அந்த வீட்டின் மிக நேர்த்தியான பாய் போர்த்தியிருந்தது. பின்னால் மற்றவர்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சில்லை. இந்த வீட்டிலிருந்து யாராவது இறங்கி வந்து பாயைத் தூக்கும் வரை அவர்கள் அசையக் கூடாது. வெயில் ஏறும், மழை வரும், சில சமயம் கல்லும் கத்தியும்கூட வரும். அப்படியே இருக்க வேண்டும். தூக்கிவிட்டால் முடிந்தது. தூக்கிய கை மன்னித்த கை.

நான் ராத்திரி முழுக்க மருத்துவமனையில் லாங்கியோடு இருந்துவிட்டு ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டுக்குள் அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா அழுதுகொண்டிருந்தாள். முற்றத்தில் அந்தப் பாய்.

பாய்க்குப் பின்னால் இரண்டு பாதங்கள் தெரிந்தன. நான் நின்றது அதைப் பார்த்துத்தான். வெடிப்பு விழுந்த, காய்ந்த, கிழட்டுப் பாதங்கள். ஃபெரெத்திக்கு இருபத்தாறு வயது. இது அவனில்லை. அவன் எங்கே என்று நாற்பது தலைகளிலும் தேடினேன். எல்லாம் கவிழ்ந்திருந்தன, ஒன்றும் புரியவில்லை. ஒருவேளை பாய்க்குள்ளேதான் இருக்கிறானோ, பாதத்தை நான்தான் தப்பாகப் பார்க்கிறேனோ. குடும்பத் தலைவரே குனிந்து வருவது பெரிய மரியாதை என்று எனக்கும் தெரியும். எனக்கு மரியாதை வேண்டியிருக்கவில்லை. அவன் முகம் வேண்டியிருந்தது. என் தங்கை கையை வெட்டியவன் மண்ணில் மண்டியிட்டிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை.

போய் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

உள்ளே சோலியாய் பெரியவர் இருந்தார். ஃபெரெத்தியின் பெரியப்பா, எழுபது தாண்டியவர். கண்ணைச் சுருக்கி வெளிச்சத்தில் என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப மகளே, நல்லா இருப்ப" என்று அழுதார். பின்னால் நாற்பது பேரும் ஒரே மூச்சில் அழ ஆரம்பித்தார்கள். யாரோ தோத்திரப் பாட்டை எடுத்தார்கள். "இல்ல, நான் பாக்கத்தான் தூக்கினேன்" என்றேன். பாட்டுக்கு நடுவில் அது யார் காதிலும் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா படியிறங்கி வந்துகொண்டிருந்தார். சோலியாய் பெரியவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் கை போட்டு வீட்டுக்குள் அழைத்துப் போனார்.

ஃபெரெத்தி அங்கே வரவே இல்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் சபை கூடிச் சலா விதித்தது: பன்றிகள், மீன் டின் பெட்டிகள். சோலியாய் வீடு கொடுத்தது, ஊர் பங்கு போட்டது. பன்றிகளைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து வந்தவர்களில் ஃபெரெத்தியும் ஒருவன். "எங்க வீட்டுப் பன்றி எல்லாம் கிறிஸ்துமஸுக்கு இருக்கும்னு நெனச்சேன். என்னால ஏப்ரல்லயே மோட்சம்" என்று சொன்னானாம். எல்லாரும் சிரித்தார்களாம். எங்கள் வீட்டுக்கும் பங்கு வந்தது. திருப்பி அனுப்பினால் சபைக்கு அவமரியாதை. மருத்துவமனையிலிருந்து வந்த லாங்கி, தன் கைக்கு ஊர் வாங்கிய மீனைத்தான் அன்று இடது கையால் எடுத்துச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

"நடந்ததுதான் எழுதியிருக்கு ஐயா. ஆனா அது மன்னிப்பு இல்ல. அடியில அவன் இருக்கானான்னு பாக்கத்தான் நான் தூக்கினேன்" என்றேன் லாவாசி ஐயாவிடம்.

"எதுக்குத் தூக்கினன்னு பாய்க்குத் தெரியுமா?"

ஒருவர் மூக்கால் சிரித்தார். லாவாசி ஐயா தொடர்ந்தார். "அன்னைக்கு நாப்பது பேர் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உன் முத்தத்துல உக்காந்தாங்க. உன் கை தூக்குச்சு. உன் அப்பா தோள்ல கை போட்டாரு. ஊர் சலா வாங்கிச்சு, சாப்பிட்டுச்சு. நீயும் சாப்பிட்ட. இப்ப வந்து எனக்குப் பசியே இல்ல, பாக்கத்தான் வாயில வச்சேன்னு சொன்னா எப்படி?"

"கோர்ட்ல கேட்டா இதைத்தான் சொல்வேன்."

"சொல்லு." அவர் இப்போது சிரிக்கவில்லை. "உன்னைப் படிக்க அனுப்பறதுக்குக் காசு சேக்க இந்த ஊர் மூணு வருஷம் பிங்கோ ஆட்டம் நடத்துச்சு. என் பொண்டாட்டி ஒவ்வொரு வாரமும் கேக் சுட்டா. அதைச் சொல்லிக் காட்ட வரல. ஆனா சபை முடிச்சு வச்சதைச் சபைக்கு வெளிய எடுத்துட்டுப் போனா என்னன்னு உனக்கே தெரியும். உன் அப்பா நல்ல மனுஷன். அவரை இந்த வயசுல ஊரை விட்டு அனுப்ப எனக்கு ஆசையில்ல." அப்பாவைப் பார்த்தார். "நாங்க கோக்கோ குடிக்கிறோம். பொண்ணு போய்க் கொஞ்சம் யோசிக்கட்டும். சாயங்காலப் படகுல வக்கீல் ஆள் போறான். அதுக்குள்ள காகிதம் வேணும்."

நான் பின்பக்கம் சமையல் கொட்டகைக்குப் போனேன். லாங்கி அங்கே அடுப்பருகே உட்கார்ந்து, சுட்ட ஈரப்பலாவைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு இடது கையால் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் பாதிவரை மடங்கும், அதற்கு மேல் மடங்காது. பெரியவர்கள் குடிக்கக் கோக்கோ தட்டை எடுத்துப் போக வந்த தம்பி ஈசாக்கோ என்னைப் பார்த்துவிட்டு, "நீ பேசினது ரோடு வரைக்கும் கேட்டுச்சு. சுவரே இல்லாத வீட்டுல கத்திப் பேசறதுக்குத்தான் காலேஜ் போனியா?" என்று சொல்லிவிட்டுப் போனான். குரலில் கேலி இருந்தது. கண்ணில் இல்லை.

நான் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"லாங்கி, உன்னை யாரும் கேக்கல. நானும் கேக்கல. இப்ப கேக்கறேன். என்ன பண்ணட்டும்?"

"என்னைக் கேட்டா என் கை சரியாயிடுமா?"

"ஆகாது."

"அவன் உள்ள போனா சரியாயிடுமா?"

"ஆகாது."

"அப்ப எதுக்குக் கேக்கற?" தோல் ஒட்டிக்கொண்டு வரவில்லை. கத்தியை வைத்துவிட்டு நகத்தால் பிய்த்தாள். "நீ வெள்ளிக்கிழமை வருவ, ரெண்டு நாள்ல பட்டணம் போயிடுவ. கோபப்படறது உனக்கு ஈசி அக்கா. நான் இங்கதான இருக்கேன்."

அது சரிதான். அடுப்புக்குள் ஒரு மட்டையைத் தள்ளினேன்.

"போன வாரம் குளத்துக்குப் போனேன்" என்றாள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் சாயங்காலம் குளிப்பது கடலோரத்து ஊற்றுக்குளத்தில். போகும் பாதை சோலியாய் வீட்டைத் தாண்டித்தான் போகிறது.

"தனியாவா?"

"தனியாத்தான். எத்தனை நாள்தான் அம்மா கூடவே வருவா? அவன் அவங்க வீட்டு மதில்மேல உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் கீழ இறங்கி வந்தான். எனக்கு அங்கயே மூத்திரம் வந்துடுச்சு அக்கா. அவன் கத்தி எல்லாம் வச்சிருக்கல. நல்லாத்தான் பேசினான். 'கை எப்படி இருக்கு லாங்கி? இன்னும் வலிக்குதா?'ன்னான். 'எல்லாம் முடிஞ்சிடுச்சுல்ல, ஏன் மூஞ்சைத் திருப்பிக்கிட்டுப் போற? பஸ்ல பேசின மாதிரி ஏதாவது பேசேன்'னான். சிரிச்சான். அவன் கிண்டல் பண்ணல. நெஜமாவே முடிஞ்சிடுச்சுன்னு நெனைக்கறான்."

"நீ என்ன சொன்ன?"

"நானும் சிரிச்சேன்." என்னைப் பார்த்தாள். "சிரிக்காம என்ன பண்றது? மொறச்சா மறுபடியும் சபைக்குப் போகும். முடிஞ்சதை ஏன் கிளர்றன்னு நமக்குச் சலா போடுவாங்க. சிரிச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். குளிக்கல. அன்னையிலருந்து குழாய்த் தண்ணிதான். தொட்டிகிட்டயே."

ஈரப்பலாவைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை வருஷம் போடுவாங்க?" என்றாள்.

"காகிதம் இல்லைன்னா நாலு. அஞ்சு கூட ஆகலாம்."

"நாலு வருஷம்" என்றாள். விரல் விட்டு எண்ணுகிறவள் மாதிரி இடது கையைப் பார்த்தாள். "நாலு வருஷம் நான் குளத்துக்குப் போகலாம்."

கோர்ட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மறுபக்கம் வாழையிலை அறுக்கப் போய்விட்டாள். மூன்று மாதமாக அவனுடைய முகத்தையும் அவன் மண்டியிட வேண்டியதையும் மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது ஒரு பாதை.

என் பையை எடுத்து வரப் படுக்கைக் கொட்டகைக்குப் போனேன். இரண்டு சட்டையையும் அலுவலக அட்டையையும் உள்ளே போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்திருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று தாழ்ந்த குரலில் பேசினார்.

"பையை வை."

"நாலு மணிப் படகு அப்பா."

"இயானேத்தா, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நீ பாயைத் தூக்கினப்ப ஈசாக்கோ எங்க இருந்தான்னு தெரியுமா?"

தெரியாது. யோசித்ததே இல்லை.

"ஈரப்பலா மரத்துக்குப் பின்னால. அவனும் சித்தப்பா பசங்க ரெண்டு பேரும். மூணு பேர் கையிலயும் வெட்டுக்கத்தி. நான் உள்ள உக்காந்துகிட்டு அவனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், சோலியாயை இல்ல. விடியறதுக்கு முன்னாலருந்து பாத்துக்கிட்டிருந்தேன். இறங்கிப் போய்த் தூக்கவும் எனக்கு மனசு வரல. பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்கறா. தூக்காம விடவும் முடியல. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா அந்தக் கிழவன் தலை முத்தத்துல கெடந்திருக்கும். உன் தம்பி ஜெயில்ல இருந்திருப்பான். அப்ப நீ வந்த."

"நான் எதுக்குத் தூக்கினேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உன் மூஞ்சியைப் பாத்தேன். மன்னிக்க வந்த மூஞ்சி இல்ல அது."

"தெரிஞ்சும் எழுந்து வந்தீங்களா?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

இத்தனை நாள் என் தவறு, என் அவசரம், என் முட்டாள்தனம் என்று நான் சுமந்துகொண்டிருந்ததை இந்த மனிதர் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் ஈசாக்கோ மரத்துக்குப் பின்னால் நின்றதும் கண்ணில் வந்தது. அவனுக்குப் பதினெட்டு வயது. இதற்கு முன் கோழியைத் தவிர எதையும் வெட்டியதில்லை. அப்பா செய்தது தப்பு என்று அப்போதும் சொல்ல முடியவில்லை, இப்போதும் சொல்ல முடியவில்லை.

"அப்ப அது நீங்க எடுத்த முடிவு அப்பா. எழுதுங்க. 'நான்தான் மன்னிச்சேன்'னு உங்க பேர்ல எழுதுங்க. என் கைய ஏன் எழுதறீங்க?"

"தூக்கினது உன் கை. அதை மாத்தி எழுத முடியாது."

"முடியாதுல்ல? அதான் நானும் போய்ச் சொல்லப் போறேன், எதுக்குத் தூக்கினேன்னு."

"நம்மளை வெளிய அனுப்புவாங்க." அவர் தூணை விடவில்லை. "சும்மா மெரட்டறாங்கன்னு நெனைக்காத. செய்வாங்க. நானே அந்தச் சபையில உக்காந்து ரெண்டு குடும்பத்துக்கு அப்படிச் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல அறிவிப்பாங்க, அடுத்த ஞாயிறுக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். கூரையைப் பிரிச்சுக் கொண்டு போகலாம். பாத்திரம் பண்டம் கொண்டு போகலாம். அங்க இருக்கறவங்களை?" வீட்டுக்கு முன்னால் வெள்ளையடித்த கல்லறைகளைத் தாடையால் காட்டினார். என் அண்ணன் ஒருவன் குழந்தையிலேயே போய்விட்டான், அவனும் அங்கேதான் இருக்கிறான். "அவங்களை எடுத்துட்டுப் போக முடியுமா?"

"முடியாது அப்பா."

"உன் அம்மா எங்க போய் உக்காருவா?"

"பட்டணத்துல என் ரூம்ல. எனக்குத் தெரியல. ஏதாவது பண்ணுவோம்."

"ஏதாவது" என்றார் அப்பா. வெறுப்பாகச் சொல்லவில்லை. ரொம்பக் களைத்துப்போய்ச் சொன்னார். "சபை முடிச்சு வச்சதுக்கு அப்புறம் நாம நிம்மதியா இருந்தோம்."

"நீங்க இருந்தீங்க. ஈசாக்கோ இருந்தான். ஃபெரெத்தி ரொம்ப நிம்மதியா இருந்தான். லாங்கி தொட்டிகிட்ட குளிக்கறா. ஏன்னு கேட்டீங்களா?"

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் நினைத்திருந்தால் அங்கேயே நின்றிருக்கலாம். அழுதிருக்கலாம். அவர் என் தலையில் கை வைத்திருப்பார். திங்கட்கிழமை கழிந்திருக்கும். எங்கள் கல்லறைகள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். அம்மா இதே பாயில் உட்கார்ந்திருப்பாள். இதற்கெல்லாம் விலை என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் பையின் வாயை இழுத்துக் கட்டினேன்.

வெளியே போகப் பெரிய வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐந்து பேரும் கோக்கோக் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். தோளில் பையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. லாவாசி ஐயா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, காகிதத்தின் மேல் வைத்தார்.

"வந்துட்டியா. போட்டுட்டுப் போ. படகுக்கு நேரம் இருக்கு."

"திங்கட்கிழமை கோர்ட்ல பேசறேன் ஐயா. அங்க எழுதிக்குவாங்க."

"யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன்."

"உன் அப்பன்கிட்ட கேட்டியா?"

அப்பா எனக்குப் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. அவர் பேசுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் ஒரு நொடி காத்திருந்தேன். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன் தூணடிக்குப் போய் மெதுவாக உட்கார்ந்தார். பெரியவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, வரப்போவதை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்தார்.

அம்மா அழ ஆரம்பித்தாள். நான் படியிறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு சாலைக்கு நடந்தேன்.